கிரேட்ஃபுல் டெட் கச்சேரிப் பதிவுகளை மறுபடி கேட்பது எப்படி?

அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட் 1965 முதல் 1995 வரை ஏறத்தாழ 2,300 கச்சேரிகளை நடத்தியது. அவற்றில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு வடிவில் ஒலிநாடாவில் பதிவாகி, இன்று இணையத்தில் எவரும் கேட்கக்கூடிய நிலையில் இருக்கின்றன. ஒரே இரவுக்கு ஐந்தாறு வெவ்வேறு பதிவுகள் கிடைப்பதும் உண்டு. முன்பே இக்குழுவை அறிந்து, பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பக் கேட்க வரும் ரசிகர், தலைசிறந்த கச்சேரிகள் என்று யாரோ தொகுத்த பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். அதனால் சில நல்ல மாலைப்பொழுதுகள் கிடைக்குமே தவிர, காது கூர்மை அடைவதில்லை. நான் பரிந்துரைப்பது வேறொரு முறை. குழு ஒரு பாட்டை விட்டு நீங்கி இன்னொரு பாட்டுக்குள் நுழையும் இடங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் பலமுறை கேளுங்கள். கச்சேரிப் பட்டியல்களில் இரண்டு பாட்டுகளின் பெயர்களுக்கு நடுவே ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்களே, அந்த இடங்கள்தான். இக்குழுவின் மனோதர்மம் மிக வெளிப்படையாகச் செயல்படுவது அங்கேதான்.

அதற்கு முன், எந்தப் பதிவைக் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும். இதில் செலவிடும் கால் மணி நேரம் வீண் போகாது. சவுண்ட்போர்டு பதிவு என்பது மேடை மைக்குகளிலிருந்து ஒலிக்கலவை மேசைக்கு வந்து சேரும் ஒலியை நேரடியாகப் பிடித்தது. குரலும் ஒவ்வொரு கருவியும் அதில் தெளிவாகப் பிரிந்து கேட்கும். ஆனால் அந்தக் கலவை அரங்கில் இருந்தவர்களுக்காகச் செய்யப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. சிறிய அரங்குகளில் கிட்டார் ஆம்ப்பின் (ஒலிபெருக்கியின்) ஒலியே கூடத்தை நிறைத்துவிடுவதால், மேசை வழியாக அதைக் குறைவாகவே அனுப்புவார்கள். விளைவாக நாடாவில் குரல் ஓங்கி ஒலிக்க, கிட்டார் பின்னால் ஒதுங்கியிருக்கும். பார்வையாளர் பகுதியிலிருந்து எடுத்த ஆடியன்ஸ் பதிவில் கைத்தட்டலும் கூச்சலும் சேர்ந்தே வரும் என்றாலும், பேஸ் கிட்டாரின் அதிர்வும் அரங்கின் பரப்பும் அதில்தான் சரியாகப் பதிந்திருக்கும். இரண்டையும் கலந்து உருவாக்கியதை மேட்ரிக்ஸ் என்பார்கள். கேட்டுப் பழகிய காதுக்கு நல்ல ஆடியன்ஸ் பதிவே மேல் என்பது என் எண்ணம். குறிப்பாக 1984 அக்டோபரில் இக்குழு ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் பதிவு செய்வோருக்கென்றே தனி இடம் ஒதுக்கிய பிறகு வந்தவற்றைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

சவுண்ட்போர்டு பதிவுகளிலேயே தனி இடம் பெற்றவை குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர் ஜாக்சன் எடுத்தவை. அரங்கின் கலவையை அப்படியே பிடிக்காமல், நாடாவுக்கென்றே தனியாகக் கலந்து பதிந்தவர் அவர். அவர் எடுத்த நாடாக்களில் ஒரு பெரும் தொகுதி 1986இல் சேமிப்பறை ஒன்றிலிருந்து ஏலத்தில் போய்ப் பல கைகளுக்கு மாறியது. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் அரங்கில் நடந்த கச்சேரி, ரசிகர்களிடம் பல்லாண்டுகள் சுற்றி வந்த பின் 2017இல்தான் அதிகாரபூர்வமாக வெளியானதற்கும் அதுவே காரணம்.

இக்கச்சேரிப் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஒவ்வொரு பதிவுடனும் ஒரு குறிப்பு இணைந்திருக்கும். எந்த மைக், எந்தக் கருவி, எத்தனை பிரதிகளைத் தாண்டி வந்தது, யார் கணினிக்கு மாற்றினார் என்றெல்லாம் அதில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதியெடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடி, உச்ச ஒலிகள் மங்கும் என்பதால், குறைந்த தலைமுறைப் பிரதியையே தேர்ந்தெடுக்க வேண்டும். நாடாவின் வேகமும் கவனிக்கத் தக்கது. பதிவு செய்த கருவியும் பிரதியெடுத்த கருவியும் சற்றே வெவ்வேறு வேகத்தில் ஓடியிருந்தால் மொத்தக் கச்சேரியின் சுருதியும் ஏறியோ இறங்கியோ இருக்கும். பாடகரின் குரல் மெலிந்து அவசரப்படுவதுபோல் தோன்றினால், அதே காலத்தில் வெளியான அதிகாரபூர்வப் பதிவில் அதே பாட்டின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் போதும், தெரிந்துவிடும். இன்னொன்று, 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடங்களே ஓடும். கச்சேரியின் இரண்டாம் பகுதி அதைத் தாண்டும்போது, நாடாவைத் திருப்பிப் போடும் சில விநாடிகள் பெரும்பாலும் நீண்ட ஜாமின் (கற்பனையாகவே வாசித்துச் செல்லும் கட்டத்தின்) நடுவிலேயே போய் விழும். நீங்கள் கேட்க விரும்பும் இணைப்பு அப்படி வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

காலத்தைப் புரிந்துகொள்ள ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எத்தனை டிரம் கலைஞர்கள், கீபோர்டில் யார் என்ற இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். 1971 பிப்ரவரியில் டிரம் கலைஞர் மிக்கி ஹார்ட் விலகிய பின் பில் கிரூட்ஸ்மன் ஒருவரே டிரம் வாசித்த காலத்தில் குழு நினைத்த இடத்தில் சட்டென்று திரும்பியது. 1976 ஜூனில் மீண்டும் சுற்றுப்பயணம் தொடங்கியபோது டிரம் கலைஞர்கள் மறுபடி இருவரானார்கள். தாளம் கனத்தது, திருப்பங்கள் நிதானமாயின. 1971 முதல் 1979 வரை கீத் காட்ஷோவின் பியானோ, அதன்பின் 1990 வரை ப்ரெண்ட் மிட்லாண்டின் ஆர்கன் என்ற மாற்றத்தைப் புதியவர்கூடச் சில நிமிடங்களில் கண்டுகொள்வார்.

இப்போது கேட்கும் முறைக்கு வருவோம். கார்னெல் கச்சேரியின் இரண்டாம் பகுதி 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' பாட்டுடன் தொடங்கி 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' பாட்டுக்குள் செல்கிறது. இரண்டும் சேர்ந்து 25 நிமிடங்களுக்கு மேல் ஓடுகின்றன. முதல் முறை எதையும் குறிக்காமல், கைப்பேசியைத் தொடாமல், தொடக்கம் முதல் முடிவு வரை கேளுங்கள். இரண்டாம் முறை ஃபில் லெஷின் பேஸை மட்டும் பின்தொடருங்கள். மற்ற ராக் குழுக்களில் பேஸ் கலைஞர் கார்டின் (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டின்) அடிப்படைச் சுரத்தில் நின்று தாளத்தைத் தாங்குவார். லெஷ் அப்படி ஓரிடத்தில் நிற்பவரல்லர், கிட்டாருக்கு எதிராகத் தனி மெட்டொன்றை ஓட்டிக்கொண்டே இருப்பார். ஆகவே அவர் திடீரென்று ஒரு சிறு சொற்கட்டை மாற்றாமல் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்கினால், ஏதோ நடக்கப் போகிறது என்று பொருள். மூன்றாம் முறை முன்னணி கிட்டார் வாசிக்கும் ஜெர்ரி கார்சியாவை விட்டுவிட்டு, பாப் வீரின் கிட்டாரையும் காட்ஷோவின் பியானோவையும் கேளுங்கள். இரண்டு பாட்டுகளும் பி சுருதியில் அமைந்தவை. இரண்டாம் பாட்டு பி, ஏ என்ற இரண்டே கார்டுகளில் ஊஞ்சலாடுவது. முதல் பாட்டின் சொற்கள் முடிந்த பின் வரும் நீண்ட ஜாமில் இந்த இரண்டு கார்டுகளின் அசைவு எப்போது நிலைபெறுகிறது, வேகம் எப்போது தளர்கிறது, யார் முதலில் புதிய பாட்டுக்குள் கால் வைக்கிறார், மற்றவர்கள் எத்தனை ஆவர்த்தனம் கழித்து ஒப்புக்கொள்கிறார்கள் என்று நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் புறப்பட்ட பிறகும் இன்னொருவர் பழைய பாட்டிலேயே உலவிக்கொண்டிருக்கும் அந்தச் சில விநாடிகளுக்காகவே இத்தனை உழைப்பும்.

இணைப்புகளைக் கேட்கப் பழகிய பின், ஒரே பாட்டை ஆண்டுகளின் ஊடாகத் தொடரலாம். 'டார்க் ஸ்டார்' இதற்கென்றே அமைந்தது போன்றது. 1968இல் இசைத்தட்டாக வந்தபோது அது மூன்று நிமிடம்கூட இல்லை. 1969 பிப்ரவரி 27 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் வாசித்து, 'லைவ் டெட்' தொகுப்பில் இடம்பெற்ற வடிவம் 23 நிமிடங்கள். 1972 ஆகஸ்ட் 27 அன்று ஓரிகன் மாநிலத்தின் வெனீட்டாவில், கருவிகளின் சுருதியே நிலைக்காத கடும் வெயிலில் வாசித்தது அரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. இந்த மூன்றையும் ஒரே நாளில் வரிசையாகக் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், காது களைத்துவிடும். ஒவ்வொன்றிலும் முதல் சரணம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பதை மட்டும் முதலில் குறியுங்கள். சரணம் பின்னுக்குப் போகப் போக, குழு தன் ஆலாபனைக்கு எவ்வளவு இடம் எடுத்துக்கொண்டது என்பது தானே விளங்கும். வெனீட்டாவில் அத்தனை நேரம் தாளமும் சுருதியும் கரைந்து அலைந்த இசை, கௌபாய் கதைப்பாட்டான 'எல் பாசோ'வில் வந்து இறங்குகிறது. அந்த இறக்கத்தை முன்கூட்டியே எதிர்பார்த்துக் கேட்டாலும் முதலில் அது அபத்தமாகவே படும். பேஸைப் பின்தொடர்ந்து மறுபடி கேட்டால் அபத்தம் குறையும்.

1978க்குப் பிந்தைய கச்சேரிகளில் இரண்டாம் பகுதியின் நடுவே டிரம் கலைஞர்கள் இருவர் மட்டும் வாசிக்கும் கட்டமும், அதைத் தொடர்ந்து தாளமே இல்லாத 'ஸ்பேஸ்' என்ற கட்டமும் ஏறக்குறைய எல்லா இரவுகளிலும் உண்டு. பலர் இங்கே வேகமாகத் தள்ளிவிடுகிறார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காபி குடிக்கப் போகும் சபாக் கூட்டத்தை ஒத்த பழக்கம் இது. முழுவதையும் கேட்கப் பொறுமை இல்லாவிட்டாலும் ஸ்பேஸின் கடைசி மூன்று நிமிடங்களையாவது விடாதீர்கள். அடுத்த பாட்டின் மெட்டுத் துணுக்கு ஒன்றை யாரோ ஒருவர் இருட்டில் நீட்டிப் பார்ப்பதும், மற்றவர்கள் அதை ஏற்பதும் மறுப்பதும் அங்கேதான் நடக்கின்றன.

விருந்தினர் வாசித்த இரவுகள் இந்தப் பயிற்சிக்கு மிகவும் உதவுகின்றன. 1990 மார்ச் 29 அன்று நியூயார்க் மாநிலத்தின் நாசாவ் அரங்கில் ஜாஸ் கலைஞர் பிரான்ஃபோர்டு மார்சலிஸ் சாக்ஸஃபோனுடன் சேர்ந்துகொண்டார். அன்று வாசித்த 'ஐஸ் ஆஃப் தி வேர்ல்டு' அதே ஆண்டு 'விதவுட் எ நெட்' தொகுப்பில் வெளியானது. கார்சியாவின் சொற்றொடர் முடியும் இடத்திலிருந்து அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று கவனியுங்கள். குழுவின் கலைஞர்கள் பழக்கத்தால் செய்வதை அவர் காதை மட்டும் நம்பிச் செய்கிறார்.

பதிவிறக்கம் பற்றி ஒரு சொல். வணிக நோக்கமின்றிப் பகிர்வதற்கு இக்குழு அனுமதி அளித்திருந்தது. ஆனால் 2005 இறுதியிலிருந்து இன்டர்நெட் ஆர்க்கைவில் சவுண்ட்போர்டு பதிவுகளை அங்கேயே கேட்க முடியுமே தவிர இறக்கிக்கொள்ள முடியாது. ஆடியன்ஸ் பதிவுகளை இறக்கிக்கொள்ளலாம். இறக்கும்போது எம்பி3ஐத் தவிர்த்து, ஒலித் தகவல் எதையும் இழக்காத ஃபிளாக் வடிவத்தையே எடுங்கள். டிரம் சிம்பல்களின் ஒலியில் வேறுபாடு தெரியும்.

குறிப்பேட்டில் தேதி, ஊர், எந்தப் பதிவு, இணைப்பு நிகழும் நிமிடம், முதலில் புறப்பட்டவர் ஆகிய ஐந்தை எழுதினால் போதுமானது. நட்சத்திர மதிப்பெண்கள் வேண்டாம், அவை அடுத்த முறை காதைக் கட்டிப்போடும். ஒரு கச்சேரியை முடித்த பின் அதன் பக்கத்து இரவுக்குச் செல்லுங்கள். அடுத்தடுத்த நாட்களில் இக்குழு ஒரே பட்டியலை வாசிப்பதில்லை என்பதால், அதே ஆட்கள் அதே வாரத்து மனநிலையில் வேறு பாட்டுகளை எப்படி இணைத்தார்கள் என்று பார்க்கலாம். கார்னெலுக்கு முந்தைய நாள் பாஸ்டன், மறுநாள் பஃபலோ. மே 9 பஃபலோ கச்சேரி தொடங்குவதே 'ஹெல்ப் ஆன் தி வே', 'ஸ்லிப்நாட்', 'ஃபிராங்க்ளின்ஸ் டவர்' என்ற மூன்று இடைவிடாத பாட்டுகளுடன். நடுவிலுள்ளதற்குச் சொற்களே கிடையாது, அது முழுவதுமே ஓர் இணைப்பு. புகழ் முழுவதும் கார்னெலுக்குப் போய்விட்டாலும், இந்த முறையில் கேட்பவருக்கு பஃபலோவின் முதல் அரை மணி நேரமே அதிகம் தரும் என்று நான் கருதுகிறேன்.