குளிரிலும் சாகாத கிருமிகள்: சமைத்த உணவைப் பாதுகாப்பாக வைப்பது எப்படி?

குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் உணவிலுள்ள கிருமிகள் செத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் குளிர் அவற்றின் பெருக்கத்தைத்தான் மட்டுப்படுத்துகிறது. வெப்பநிலை சட்டென்று இறங்கும்போது பாக்டீரியாவின் செல்சவ்வு விறைத்துப்போகிறது, புரதம் தயாரிக்கும் குறிப்பைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. இழைகள் சுருண்டு சிக்கிக்கொள்வதால் புரத உற்பத்தியும் முடங்குகிறது. உடனே ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் குளிரதிர்ச்சிப் புரதங்களை உருவாக்கி அந்தச் சிக்கலைப் பிரிக்கின்றன. குளிரிலும் இளகியே இருக்கும் கொழுப்பு அமிலங்களைச் சவ்வில் சேர்த்துக்கொள்கின்றன. இவ்வளவு செய்தும் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஈ.கோலையால் பெருக இயலாது. லிஸ்டீரியா என்ற மற்றொரு பாக்டீரியாவோ 0 டிகிரியை ஒட்டிய குளிரிலும் மெதுவாகப் பெருகிக்கொண்டிருக்கும்.

ஆகவே பெட்டியின் உட்புறம் 4 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். திருகில் உள்ள எண்களை நம்பாமல், ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டு, நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்துக் காலையில் பாருங்கள். சமைத்த உணவை மூன்று, நான்கு நாள்களுக்குள் உண்டுவிட வேண்டும். முகர்ந்து பார்த்து முடிவு செய்வதில் பயனில்லை. லிஸ்டீரியா பெருகிய உணவில் கெட்ட வாடை வர வேண்டும் என்பதில்லை.

பெரும்பாலான தவறுகள் உணவை ஆறவைக்கும்போதே நேர்கின்றன. ஆழமான பாத்திரத்தில் கெட்டியான உணவை ஆறவைத்தால் மேற்பரப்பு தொட்டால் சில்லென்றிருக்கும், ஆனால் கரண்டியை நடுவில் விட்டுக் கிளறினால் ஆவி எழும். சமைக்கும் சூட்டில் தப்பிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (வெப்பத்தைத் தாங்கும் உறங்குநிலை வடிவங்கள்) முளைக்க அந்த இளஞ்சூடே போதும். உணவை இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பரப்பி, 2 மணி நேரத்தில் 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்தில் 5 டிகிரிக்கும் இறக்குங்கள்.

ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் பெருக்கம் அறவே நின்றாலும், பனிப்படிகங்களால் காயப்பட்ட செல்களில் கணிசமானவை உயிரோடிருந்து, உறைநிலை நீங்கியதும் தேறிக்கொள்கின்றன. எனவே உறைந்த உணவைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தே இளக்குங்கள். வெளியே வைத்தால் உட்பகுதி கல்லாக இருக்கும்போதே வெளிப்பகுதி கிருமிகளுக்கு ஏற்ற சூட்டை எட்டிவிடும்.

உப்பும் புளிப்பும் காப்பாற்றிவிடும் என்று நம்புவதற்கும் எல்லை உண்டு. லிஸ்டீரியா உணவிலிருந்தே பீட்டைன், கார்னிட்டின் ஆகிய சேர்மங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. 10 சதவீத உப்பைத் தாங்க உதவும் அதே சேமிப்புதான் குளிரையும் தாங்க உதவுகிறது என்பது இந்தக் கிருமியின் சாமர்த்தியம். லேசான அமிலத்திலோ மிதமான சூட்டிலோ தப்பிய பாக்டீரியாக்கள் அடுத்து வரும் கடுமையான தாக்குதலை முன்னைவிட நன்றாகத் தாங்கும் என்பதால், அரைகுறை நடவடிக்கை எதுவும் செய்யாததைவிட மோசமாகிவிடுவதும் உண்டு. மீண்டும் சூடாக்கும்போது நடுப்பகுதியும் 75 டிகிரியை எட்ட வேண்டும். ஆனால் பல மணி நேரம் வெளியே கிடந்த உணவை இப்படி மீட்க இயலாது. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவும் பேசில்லஸ் சீரியஸும் உமிழ்ந்த நச்சுகளில் சில கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. அந்த உணவைக் கொட்டிவிடுங்கள்.

லிஸ்டீரியா நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவைத் தாக்கக்கூடியது. ஆதலால், குளிர்சாதனப் பெட்டியில் இருந்த சமைத்த இறைச்சியைக் கர்ப்பிணிகள் ஆவி பறக்கச் சூடாக்கிய பின்பே உண்ண வேண்டும்.