கதை நிஜம்போல இருக்க

'உண்மையிலேயே நடந்ததுதான்' என்று சொல்லி ஒரு காட்சியைக் காப்பாற்ற முடியாது. நடந்ததா என்பதல்ல, நடந்திருக்கும் என்று தோன்றுகிறதா என்பதே வாசகருக்குக் கணக்கு. நம்ப முடியாத சாத்தியத்தைவிட நம்பத் தகுந்த அசாத்தியமே மேல் என்று அரிஸ்டாட்டில் அன்றே சொல்லிவிட்டார்.

ஒரு அறையை விவரிக்கப் பத்துப் பொருள் வேண்டாம், இரண்டு போதும். அதில் ஒன்று கதைக்கு எந்த வேலையும் செய்யாததாக இருக்கட்டும். பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் ஒரு கதையில் பியானோவுக்கு மேலே சும்மா தொங்கும் பாரோமீட்டரை (காற்றழுத்தமானியை) வைத்துத்தான், இப்படி வேலையில்லாத பொருளே நிஜம் என்ற உணர்வைத் தருகிறது என்று பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1968-இல் விளக்கினார். மற்றொன்று அந்தப் பாத்திரத்தின் கண்ணுக்கு மட்டும் படுவது: தச்சருக்கு மேசையின் அழகு தெரியாது, இணைப்பில் விட்டிருக்கும் இடைவெளிதான் தெரியும்.

அதிகம் சறுக்குவது நிலாவில். மூன்றாம் பிறை மாலையில் மேற்கே தெரிந்து சீக்கிரம் மறைந்துவிடும். நள்ளிரவில் அதன் கீழே காதலர்களை உட்கார வைத்தால் போச்சு. நள்ளிரவுக்கு முழுநிலவு வையுங்கள், அப்போது அது உச்சியில் இருக்கும். இப்படி ஒரு பிழை கண்ணில் பட்டதும் வாசகர் மற்றதையும் சந்தேகிக்கத் தொடங்குவார்.

உரையாடலில், "அப்பா போய் அஞ்சு வருஷமாச்சே அண்ணா" என்று தம்பி சொன்னால் அது அண்ணனுக்கா, வாசகருக்கா? "அப்பா சட்டையை இன்னும் எடுத்து வைக்கலையா?" போதும்.

தற்செயல் நிகழ்ச்சியால் நாயகனைச் சிக்கலில் மாட்டலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அதே தற்செயலால் காப்பாற்றினால்தான் முணுமுணுப்பு.