தாயின் ரத்தத்தில் சிசுவின் செல்லைத் தேடும்போது கோட்டை விடும் இடங்கள்

கர்ப்பிணியின் ஒரு மில்லி ரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டும் ஏறக்குறைய 400 கோடி. வெள்ளணுக்கள் ஏறக்குறைய ஒரு கோடி. அந்தக் கூட்டத்தில் சிசுவின் செல் ஒன்றோ இரண்டோ இருந்தால் பெரிது. கையில் கிடைப்பதே இவ்வளவுதான் என்பதால், மெஷினில் வைக்கும் முன்பே நடக்கும் சின்னக் கவனக்குறைவும் பரிசோதனையைக் கவிழ்த்துவிடும்.

இன்று மருத்துவமனைகளில் எழுதித் தரும் என்ஐபிடி, அதாவது தாயின் ரத்தத்தை வைத்துச் சிசுவின் குரோமோசோம் குறையைப் பார்க்கும் சோதனை, செல்லைத் தேடுவதில்லை. பிளாஸ்மாவில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகளைத்தான் பார்க்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறு ஆரம்பிக்கிறது. எந்தச் சோதனைக்கு எந்த டியூப் என்று லேபிடம் கேட்காமல் ஊசியைக் கையில் எடுக்காதீர்கள்.

ஊதா மூடி (இடிடிஏ) டியூபில் எடுத்தால் டிஎன்ஏ சோதனைக்கு 6 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். தாமதித்தால் தாயின் வெள்ளணுக்கள் உடைந்து, அவற்றின் டிஎன்ஏ சிசுவின் பங்கை நீர்க்கச் செய்துவிடும். ஏற்காட்டில் எடுத்து, சேலம் இறங்கி, பெங்களூரு போய்ச் சேர்வதற்குள் அந்த நேரம் கரைந்துவிடும். அதற்காகத்தான் செல் உடையாமல் காக்கும் 10 மில்லி டியூப். அதையும் ஐஸில் வைத்துக் கெடுப்பவர்கள் உண்டு. அந்த டியூபுக்கு 6 முதல் 37 டிகிரி வரைதான் ஏற்றது, ஃபிரிட்ஜ் கூடாது. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரத்துக்கு வந்த பெட்டி, மே மாத சேலம் வெயிலில் நிற்கும் வேனின் பின்பக்கத்தில் கிடந்தால் 37ஐத் தாண்டிவிடும். ஐஸ் இல்லாத தெர்மாகோல் பெட்டியில் போட்டு, ஆள் உட்காரும் பக்கம் வையுங்கள்.

எடுத்தவுடன் டியூபை 8 முதல் 10 முறை கவிழ்க்க வேண்டும். குலுக்கக் கூடாது. மணிக்கட்டை மெதுவாகத் திருப்ப, காற்றுக் குமிழி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்த் திரும்பி வந்தால் ஒரு முறை.

செல் பிரிக்கும் லேபில் பெரிய கோளாறு சுழற்றும் வேகத்தில். குறிப்பில் 400 ஜி (புவியீர்ப்பைப் போல 400 மடங்கு விசை) என்று இருப்பதை 400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 400 சுற்று) என்று வைத்துவிடுகிறார்கள். 16 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் 400 ஜிக்கு ஏறக்குறைய 1,500 ஆர்பிஎம் வேண்டும். 400 ஆர்பிஎம் தருவது வெறும் 29 ஜி. அடுக்கே பிரியாது. 30 நிமிடம் ஓடியபின் பிரேக் போட்டால் பிரிந்த அடுக்கும் கலங்கிவிடும். தானாக நிற்க விடுங்கள். இன்னொன்று: வழக்கமான 1.077 அடர்த்தித் திரவத்தில், உட்கருவுள்ள சிசு சிவப்பணுக்களில் ஒரு பகுதி அடியில் இறங்கிவிடும். வெள்ளை வளையத்தை மட்டும் எடுத்து அடிப்படிவைக் கொட்டினால், தேடி வந்ததையே கொட்டிவிட்டீர்கள். அதிக அடர்த்தித் திரவம் இதற்காகத்தான்.

பிறகு அடையாளம். சிசு செல்லைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் சிடி71 என்ற மேற்பரப்புப் புரதம் தாயின் இளம் செல்களிலும் உண்டு. சிசு ஹீமோகுளோபினின் புரதமான காமா குளோபினுக்குப் போடும் சாயமும் தலசீமியா கேரியரான தாயிடம் ஏமாற்றும். லிம்போசைட் என்ற வெள்ளணு வகையை நம்பவே வேண்டாம்: முந்தைய பிரசவத்தின் சிசு செல்கள் 27 ஆண்டுகளுக்குப் பிறகும் தாயிடம் இருந்தது பதிவாகியிருக்கிறது. ஒய் குரோமோசோமும் முழுச் சான்று அல்ல. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆண் சிசு சுமந்தவர்களில் 41.4 சதவீதம் பேரிடமே ஆண் செல் சிக்கியது. பெண் சிசு சுமந்தவர்களில் 11.1 சதவீதம் பேரிடமும் ஆண் செல் இருப்பதாகக் காட்டியது. செல்லின் டிஎன்ஏ கைரேகையைத் தாயுடையதோடு ஒப்பிடுவதே சரி.

பாலினத்தை எந்த வடிவிலும் சொல்லக் கூடாது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கிய சேலத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ரிப்போர்ட்டின் குரோமோசோம் படத்தில் எக்ஸ், ஒய் மறைக்கப்பட்டிருக்கிறதா என்று அனுப்புமுன் பாருங்கள்.

என்ஐபிடிக்கு 10 வாரத்துக்கு முன் ரத்தம் எடுப்பது வீண். வாரத்தை ஸ்கேனில் உறுதிசெய்யுங்கள். பிளாஸ்மா டிஎன்ஏவில் சிசுவின் பங்கு 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பல லேப்கள் முடிவு சொல்லாது. எடை கூடிய தாய்மாருக்கு இது அடிக்கடி நேரும். பாசிட்டிவ் வந்தாலும் அதை வைத்துக் கருவைக் கலைக்க முடிவெடுக்கக் கூடாது. அந்த டிஎன்ஏ நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. நஞ்சுக்கொடியில் உள்ள பிழை குழந்தையிடம் இல்லாமலும் இருக்கலாம். 16ஆவது வாரத்தில் பனிக்குட நீர் எடுத்துப் பார்த்த பிறகுதான் பேச்சு.