கைடு இல்லாமல் ஆங்கிலப் பத்தி எழுதுவது எப்படி?

எதிர் வீட்டு மாணவி ஒருத்தி சென்ற வருஷம் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் என் திண்ணையில் வந்து உட்கார்ந்து அழுதாள். ஆங்கிலத் தாளுக்குக் கைடில் இருந்த பத்தியை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு போயிருக்கிறாள். நாலாவது வரி மறந்துவிட்டது. அதற்கு மேல் பேனா நகரவில்லை. ஆனால் அந்தக் கதை அவளுக்குத் தெரியும். தமிழில் கேட்டதும் ஒன்று விடாமல் சொன்னாள். தெரிந்ததை எழுத முடியாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதன்பிறகு மாலை வேளைகளில் நாங்கள் இருவரும் செய்து பார்த்த முறை இது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருப்பவர்களுக்கு உதவும். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்கு மட்டுமே 50 மதிப்பெண் இருக்கிறது. அதில் செய்யுளை அடிபிறழாமல் எழுதும் கேள்விக்கு மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். மற்றபடி பத்தி, கடிதம், சுருக்கம் எல்லாம் சொந்தமாக எழுதக்கூடியவைதான்.

படி 1: டிக்‌ஷனரியை மூடிவைத்து ஒருமுறை படியுங்கள்

கையில் பென்சில் மட்டும் போதும். புரியாத சொல் வந்தால் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றால் பாடம் துண்டு துண்டாகிவிடும். வாய்விட்டுப் படிப்பது நல்லது. முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, இது யாரைப் பற்றியது, என்ன நடந்தது என்று வீட்டில் யாரிடமாவது இரண்டு வரி தமிழில் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 2: கோடு போட்ட சொற்களுக்குத் திரும்புங்கள்

இப்போதும் டிக்‌ஷனரி வேண்டாம், முதலில் ஊகியுங்கள். "தி கனால் வாஸ் பார்ச்ட் அன்டில் தி ஷட்டர்ஸ் வேர் ஓப்பன்ட்" என்று ஒரு வாக்கியம். பார்ச்ட் தெரியாது, சரி. ஆனால் ஷட்டர் நம் வாய்க்கால் சொல்தானே! ஷட்டர் திறக்கும் வரை வாய்க்கால் எப்படி இருக்கும்? காய்ந்து வெடித்துக் கிடக்கும். அதுதான் பார்ச்ட். இப்படிப் பிடித்த சொல் பிறகு மறப்பதில்லை.

ஆங்கிலம் நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. ஆங்கில அகராதியில் இருக்கும் அனிகட், நம் அணைக்கட்டிலிருந்து போனது. கல்லணைக்கு ஆங்கிலத்தில் கிராண்ட் அனிகட் என்றே பெயர். கேட்டமரன் நம் கட்டுமரம். ஆனால் நெல் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். நாம் நெல், அரிசி, சோறு என்று மூன்றாகச் சொல்வதை ஆங்கிலம் இரண்டாகத்தான் சொல்கிறது. வயலிலும் களத்திலும் இருக்கும்போது பேடி. உமி நீக்கிய பிறகு அரிசியும் ரைஸ், தட்டில் இருக்கும் சோறும் ரைஸ். "மை ஃபாதர் சோல்ட் ரைஸ் அட் தி டிபிசி" என்று அவள் எழுதியிருந்தாள். கொள்முதல் நிலையத்துக்கு அரிசியா போகிறது? பேடி என்று திருத்தினோம்.

படி 3: ஓரத்தில் ஒரு வரி

மறுபடி படிக்கும்போது ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் நாலைந்து ஆங்கிலச் சொற்களில் குறிப்பு எழுதுங்கள். முழு வாக்கியம் வேண்டாம். மேட்டூர் அணையைப் பற்றிய பத்தி என்றால் "பில்ட் 1934, ஓப்பன்ஸ் ஜூன் 12, குறுவை" போதும். சுருக்கம் எழுதச் சொன்னால் இந்தக் குறிப்புகளைக் கோர்த்து, மூலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எழுதி, ஒரு தலைப்பும் கொடுத்துவிடலாம்.

படி 4: புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள்

இந்தப் படிதான் கஷ்டம், இதில்தான் ஆங்கிலம் வரும். முதலில் கேள்வியின் வினைச்சொல்லைப் பாருங்கள். டிஸ்க்ரைப் என்றால் கண்ணால் பார்ப்பதுபோலச் சொல்ல வேண்டும். எக்ஸ்ப்ளெயின் என்றால் காரணம் சொல்ல வேண்டும். கம்பேர் என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

பழகுவதற்குப் பாடக் கேள்வியைவிட உங்கள் ஊர்க் கேள்வி நல்லது. உங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளை டிஸ்க்ரைப் செய்யுங்கள். முதல் வாக்கியம் எதைப் பற்றி என்று சொல்லட்டும். அவள் எழுதியது: "அவர் வில்லேஜ் இஸ் அட் தி டெயில் எண்ட் ஆஃப் தி கனால்." கடைமடைக்கு டெயில் எண்ட் என்பதுதான் சரியான சொல். அடுத்து, "சோ தி வாட்டர் கேம் டு அஸ் லாஸ்ட்." கடைமடை என்பதால் கடைசியில் வந்தது என்ற காரணம் அந்த சோவில் இருக்கிறது. அப்புறம் கண்ணால் பார்த்த ஒன்று: "மை ஃபாதர் வாக்ட் டு தி கனால் எவ்ரி மார்னிங் அண்ட் கேம் பேக் சைலண்ட்லி." எந்தக் கைடிலும் இல்லாத வாக்கியம் இது. படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாக்கியம் வராவிட்டால் தமிழில் யோசிக்கலாம், தப்பில்லை. ஆனால் தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் எழுவாய்க்கு அடுத்து வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். யார், என்ன செய்தார், எதை என்ற வரிசையில் சின்னச் சின்ன வாக்கியமாகப் போடுங்கள். எட்டு வாக்கியம் போதும்.

படி 5: மறுநாள் திருத்துங்கள்

எழுதிய உடனே படித்தால் தப்பு தெரியாது. மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் தப்புகள் சில உண்டு. தமிழில் ஏ, தி போன்ற சொற்கள் இல்லாததால் அவை விட்டுப்போகும். ஹி, ஷி வந்தால் நிகழ்கால வினையில் சேர வேண்டிய எஸ் காணாமல் போகும். டிஸ்கஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் தேவையில்லாமல் அபவுட் வந்து ஒட்டும். "நேற்றே பார்த்திருக்கிறேன்" என்று நாம் சொல்வதை அப்படியே "ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே" என்று எழுதிவிடுகிறோம். யெஸ்டர்டே வந்தால் "ஐ சா ஹிம்" மட்டும்தான்.

ஒரு நாளில் ஒரு வகைத் தப்பை மட்டும் தேடுங்கள். இன்று எஸ், நாளை காலம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தியதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதிவையுங்கள். அடுத்த பத்தியைத் தொடங்கும் முன் அந்தப் பக்கத்தை ஒரு நிமிஷம் பாருங்கள். அவளுடைய கடைசிப் பக்கத்தில் ஆடி மாதம் பதினேழு தப்புகள் இருந்தன. அதில் ஐந்தை அவளே அடித்துவிட்டாள், இனி வராது என்று.