புது ஊரில் நேரடி ஜாஸ் தேடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்கோ படிப்புக்கோ ஊர் மாறி வந்தவர்களில் ஜாஸ் பிடித்தவர்கள், "இங்கே நேரடியாக எங்கே கேட்கலாம்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. கேட்டுவிட்டுப் போய், நான் முதன்முறை ஊர் மாறியபோது இடறிய அதே இடங்களில் இடறுகிறார்கள். முன்பதிவு செய்யாமல் போவது, நிகழ்ச்சி பாதியில் போய் நிற்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் அவை தானாகச் சரியாகிவிடும். செய்கிறோம் என்றே தெரியாமல் மாதக்கணக்கில் தொடரும் தவறுகள் வேறு.

இடத்தைத் தேடுவது, வாசிப்பவர்களை விட்டுவிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

வந்து சேர்ந்ததும் மேப்பில் 'ஜாஸ்' என்று தட்டுகிறார்கள். பெயர்ப் பலகையில் அந்தச் சொல்லை வைத்திருக்கும் உணவகமோ ஹோட்டல் பாரோ முதலில் வந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை இரவு போகிறார்கள். மூலையில் மூன்று பேர் வாசித்துக்கொண்டிருப்பார்கள். சாப்பிடுபவர்களின் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் வாசிக்கச் சொல்லியிருப்பார்கள். டிரம்மர் குச்சியைத் தொடாமல், மெல்லிய ஒலி தரும் கம்பி பிரஷ்ஷாலேயே இரவு முழுவதையும் ஓட்டுவார். ஒருவர் தனித்து வாசிக்கும் சோலோ சூடு பிடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். சாப்பாட்டுக்குப் பெரிய தொகை கொடுத்துவிட்டு, "இந்த ஊர் ஜாஸ் இவ்வளவுதான்" என்று முடிவு கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

என் தோழி ஒருத்தி அப்படித்தான் முடிவு கட்டினாள். அப்புறம் நெடுநாள் ஹெட்போனும் ஒலிப்பதிவுகளுமாக இருந்துவிட்டாள். அன்று அவள் கேட்ட சாக்ஸபோன்காரரை எனக்குத் தெரியும். ஹோட்டலில் அடங்கி வாசித்த அதே மனிதர், செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பாரின் பின்னறையில் தன் சொந்த மெட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் கால் மணி நேரம் நீளும். டிரம்மர் பின்னாலிருந்து விரட்ட, இவர் விடாமல் பதில் கொடுப்பார். தோழியின் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அந்த வெள்ளிக்கிழமை இடைவேளையில் எழுந்துபோய், "அடுத்து எங்கே வாசிக்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எனக்கு இதெல்லாம் தெரிந்து அவளிடம் சொல்வதற்குள் அந்த பார் மூடப்பட்டு, குழுவும் கலைந்துவிட்டது. பதிவு எதுவும் வெளிவரவில்லை. ஹோட்டலில் போன பணத்தைப் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம். அந்தச் செவ்வாய்க்கிழமைகளை எங்கே போய்க் கேட்பது?

இசைக்கலைஞர்களின் வாரம் நம்முடைய வாரத்தைப் போல ஓடுவதில்லை. வார இறுதியில் விருந்து, திருமணம், ஹோட்டல் என்று பிழைப்புக்கு வாசிப்பார்கள். தங்களுக்குப் பிடித்ததை வாசிக்க வாரத் தொடக்கத்து இரவுகள்தான் கிடைக்கும். 1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற இடத்தில், பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கும் டிரம்மர் கென்னி கிளார்க்கும் இருந்த குழுவோடு, வேறு இடங்களில் வேலை முடித்து வந்தவர்கள் சேர்ந்து வாசித்த இரவுகளில்தான் பீபாப் என்ற வேகமான, சிக்கலான ஜாஸ் பாணி உருவெடுத்தது. அதே நகரின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற ஜாஸ் கிளப்பில் தேட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் 1966-ல் தொடங்கிய பெரிய குழுவுக்குக் கிடைத்ததும் திங்கட்கிழமைதான். வேன்கார்ட் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில் அந்தத் திங்கள் வழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

சரி, ஹோட்டலுக்கே போய்விட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை. மேடையில் இருப்பவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் இன்னும் இரண்டு மூன்று குழுக்களில் இருப்பார்கள். அவர்களுடைய சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்தாலே அடுத்த வாரத்துக்கான வழி கிடைத்துவிடும். ஒருவரிடம் மட்டும்தான் பேச முடியும் என்றால் டபுள் பேஸ் என்ற, தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்திக் கருவியை வாசிப்பவரிடம் பேசுங்கள். நல்ல பேஸ் கலைஞர்கள் குறைவு, எல்லாக் குழுவுக்கும் அவர்கள் வேண்டும். அதனால் ஊரில் யார் எங்கே வாசிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஜாம் செஷனில் முதல் செட்டோடு கிளம்புவது

ஜாம் செஷன் என்பது வருகிற கலைஞர்களும் மேடையேறிச் சேர்ந்து வாசிக்கும் இரவு. பெரும்பாலும் அந்த இடத்தின் சொந்தக் குழு முதல் செட்டை, அதாவது இடைவேளை வரையிலான பகுதியை, வாசிக்கும். அதன் பிறகுதான் பெயர் கொடுத்தவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைப்பார்கள். முன்பின் பழகாதவர்கள் சேர்ந்து வாசிக்க முடிவதற்குக் காரணம், ஸ்டாண்டர்டுகள் எனப்படும், எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த பாட்டுகள்தான். 12 பார் (தாள அளவு) ப்ளூஸோ 32 பார் பாட்டோ, எதுவென்று சொல்லி, எந்தச் சுருதி என்றும் சொன்னால் தொடங்கிவிடுவார்கள். சிலர் தடுமாறுவார்கள், அதையும் உட்கார்ந்து கேளுங்கள். வேறு இடத்தில் வேலை முடித்த தேர்ந்த கலைஞர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேரும் நேரம், பாதிப் பேர் எழுந்து போன பிறகுதான்.

பழைய பட்டியலை நம்புவது

பட்டியலில் இருக்கும் நிகழ்ச்சி நடக்கிறதா என்று அன்று காலை சரிபார்க்காமல் கிளம்பாதீர்கள்.

இசைக் கல்லூரிகளை மறப்பது

ஜாஸ் கற்றுத்தரும் கல்லூரி ஊரில் இருந்தால் கல்வியாண்டின் இறுதியில் மாணவர்களின் தேர்வுக் கச்சேரிகள் நடக்கும். பல இடங்களில் கட்டணம் கிடையாது. சில ஆண்டுகள் கழித்து நீங்கள் டிக்கெட் வாங்கிக் கேட்கப்போகிறவர்களை இங்கே முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம்.

பேஸ் சோலோவில் பேசுவது

சத்தம் குறைந்ததும், பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பேச ஆரம்பிக்கிறார்கள். 1961 ஜூன் 25 அன்று வில்லேஜ் வேன்கார்டில் பியானோ கலைஞர் பில் எவான்ஸின் மூவர் குழு வாசித்ததன் பதிவைக் கேட்டால் கண்ணாடிக் கோப்பைகள் உரசுவதும் ஆட்கள் பேசுவதும் காதில் விழும். அந்தப் பேச்சுக்கு நடுவே பேஸ் வாசித்துக்கொண்டிருந்த ஸ்காட் லஃபாரோவுக்கு வயது 25. ஜூலை 6-ல் கார் விபத்தில் இறந்துபோனார்.

உண்டியலைக் கடந்து போவது

நுழைவு இலவசமாக இருக்கும் இடத்தில் அந்த உண்டியலில் விழும் பணம்தான் வாசிப்பவர்களின் சம்பளம்.

விழாவுக்காகக் காத்திருப்பது

ஏப்ரல் 30 சர்வதேச ஜாஸ் தினம். யுனெஸ்கோ 2011-ல் அறிவித்தது. அதையொட்டிப் பல நகரங்களில் கச்சேரிகள் நடக்கும், கட்டாயம் போங்கள். வெளியூர் நட்சத்திரம் அன்றிரவே கிளம்பிவிடுவார். அவருக்குமுன் வாசிக்கும் உள்ளூர்க் குழுவின் பெயர் அறிவிப்பில் சின்ன எழுத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தப் பெயர்தான்.