பருந்தைத் துரத்தாமல் நெருக்கத்தில் படமெடுப்பது எப்படி?

பினாங்கில் செம்பருந்துக்குப் பஞ்சமே இல்லை. மீன் இறங்கும் ஜெட்டி எதுவானாலும் தலைக்கு மேலே ஒன்றிரண்டு வட்டமிடும். ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர்களின் படங்களில் அது வெளிறிய வானத்தில் கறுப்புப் புள்ளியாகத்தான் விழுகிறது. உடனே 600 மி.மீ. லென்ஸின் விலையை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். லென்ஸ் அப்புறம். பருந்து இரை எடுக்கும் இடத்தில், வெயிலும் காற்றும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால் 400 மி.மீ. போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 400 மி.மீ. லென்ஸ், 20 மீட்டர் தொலைவில் 1.8 மீட்டர் அகலத்தைக் காட்டும். செம்பருந்து சிறகை விரித்தால் ஏறக்குறைய 1.1 மீட்டர், படத்தில் பாதிக்கு மேல் அதுதான் இருக்கும். ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில் அதே தொலைவில் 1.2 மீட்டர்தான் தெரியும், பருந்து நடுவிலிருந்து சற்று விலகினாலும் சிறகு நுனி வெட்டுப்படும். அதனால் 100–400 ஜூம் வைத்திருப்பவர்கள் 300-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். ஆக, நாம் தேடுவது 20 முதல் 25 மீட்டருக்குள் பருந்து தானாக வந்துபோகும் இடம்.

படி 1: இடமும் நேரமும்

காலையில் தீவின் மேற்குக் கரைக்குப் போங்கள். பாலிக் புலாவ் பக்கம் புலாவ் பெத்தோங், கோலா சுங்கை பூரோங் போன்ற மீனவர் கிராமங்கள் சரியாக இருக்கும். கடலைப் பார்த்து நின்றால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். மலையைத் தாண்டி வெயில் வரக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் காற்று. அதிகாலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். பருந்து கிளம்பும்போதும் இரையை எடுக்கும்போதும் காற்றை எதிர்த்தே திரும்பும்; அதாவது முகம் உங்கள் பக்கம். முற்பகலில் காற்று திசை மாறிக் கடலிலிருந்து வீசத் தொடங்கியதும் வால்தான் கிடைக்கும். அதற்குமேல் அங்கே நின்று பயனில்லை, பசியாறப் போய்விடலாம். மாலை வெளிச்சத்துக்குக் கிழக்குக் கரை, பத்து மாவுங் பக்கம்.

படகுகள் திரும்பும் நேரத்தை மீனவர்களிடமே கேளுங்கள். வலையிலிருந்து கழிக்கும் பொடி மீனுக்குத்தான் பருந்துகள் கூடுகின்றன. நீர் வற்றியிருக்கும் நேரம் இன்னும் நல்லது. அப்போது பருந்து ஜெட்டியின் தளத்துக்குக் கீழே இறங்கும். வயிற்றைப் பார்க்காமல் செம்முதுகைப் பார்த்து எடுக்கலாம், பின்னணியில் வெறும் வானத்துக்குப் பதில் தண்ணீர் இருக்கும்.

படி 2: கேமராவை அமைத்தல்

பறக்கும் பருந்துக்கு ஷட்டர் 1/2000 நொடி, அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 5.6 அல்லது 6.3. ஃபோகஸை, நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் வையுங்கள். பறவைக் கண் கண்டறிதல் இருந்தால் அதையும் போடுங்கள். கோப்பு ரா (RAW), அதாவது கேமரா மெருகேற்றாத மூலப்படம். லென்ஸில் ஃபோகஸ் எல்லை ஸ்விட்ச் இருந்தால் தூரப் பக்கம் தள்ளிவிடுங்கள். இல்லையென்றால் லென்ஸ் கிட்டத்திலிருந்து முடிவிலிவரை தேடி ஓடும், அதற்குள் பருந்து போயிருக்கும்.

படி 3: வெள்ளைத் தலை

பெரும்பாலான செம்பருந்துப் படங்கள் கெடுவது இங்கேதான். தலையும் மார்பும் தூய வெள்ளை, உடல் அடர் செம்பழுப்பு. ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) ஆட்டோவில் விட்டால், பின்னால் கண்டல் மரம் வரும்போது கேமரா வெளிச்சத்தைக் கூட்டித் தலையைச் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆக்கும். வானம் வரும்போது குறைத்து, உடலைக் கரியாக்கும். பின்னணி மாறினாலும் பறவைமேல் விழும் வெயில் மாறவில்லை. எனவே வெயில் நிலையாக இருந்தால் எல்லாவற்றையும் மேனுவலில் வையுங்கள்.

ஐஎஸ்ஓ 400-இல் தொடங்கிச் சோதனைப் படம் எடுங்கள். வெளிச்ச மிகை எச்சரிக்கையை (அளவுக்கு மீறி வெளுத்த இடத்தை மின்னிக் காட்டும் வசதி) இயக்கிவிட்டுத் திரையில் தலையைப் பாருங்கள். உச்சந்தலையும் மார்பும் கறுத்துக் கறுத்து மின்னினால் ஐஎஸ்ஓவை ஒரு படி இறக்குங்கள். மின்னல் நிற்கும் இடம்தான் உங்கள் அளவு. மேகம் மூடினால் மறுபடி சோதிக்க வேண்டும். வெளிறிய வானம் மட்டுமே பின்னணி என்றால் ஆட்டோவிலும் சமாளிக்கலாம்: எக்ஸ்போஷரை +1 முதல் +1.7 வரை கூட்டினால் கண் தெரியும்.

படி 4: பிடித்தல்

பருந்து வருவதற்கு முன்பே, அது இறங்கக்கூடிய தூரத்தில் உள்ள படகு அல்லது கம்பத்தில் ஃபோகஸ் செய்து வையுங்கள். பிறகு பருந்தைக் கண்ணால் தொடர்ந்து, லென்ஸை அதன் பாதையிலேயே உயர்த்துங்கள். முழங்கை விலாவில் ஒட்டியிருக்கட்டும், உடம்பு இடுப்பிலிருந்து திரும்பட்டும்.

தண்ணீரில் தொடும் அந்த ஒரு நொடிக்காகவே எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். தொடங்குபவர்களுக்கு அதைவிடச் சுலபமானது அடுத்து வருவது. செம்பருந்து காலால் மீனைக் கவ்வி எழுந்ததும் பெரும்பாலும் கிளைக்குப் போகாது. மெதுவாக, ஒரே மட்டத்தில் பறந்துகொண்டே காலை முன்னால் நீட்டி, தலையைக் குனிந்து மீனைக் கிழித்துத் தின்னும். அலகு, கண், நகம், மீன் நான்கும் ஒரே இடத்தில் சேரும். மூன்று நான்கு படங்களாக விட்டுவிட்டு அழுத்துங்கள். விரலை எடுக்காமல் அழுத்தினால் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிறைந்து, நல்ல நொடியில் கேமரா நின்றுவிடும்.

படி 5: உட்கார்ந்திருக்கும் பருந்து

நேராக நடந்து போகாதீர்கள். பக்கவாட்டில் சாய்வாகப் போய், நின்று, மறுபடி நகருங்கள். பருந்து இறகு கோதிக்கொண்டிருந்தால் கவலையில்லை. உங்களையே உற்றுப் பார்த்தால் நிறுத்துங்கள். எச்சமிட்டு, உடலை முன்னால் சாய்த்தால் கிளம்பப் போகிறது. ஷட்டரை 1/2000-க்கு ஏற்றுங்கள். உட்கார்ந்திருக்கும்போது 1/500 போதும். 400 மி.மீ. லென்ஸில் 8 மீட்டரில் எஃப் 5.6 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் 13 செ.மீ.தான். ஃபோகஸ் கண்ணில் இல்லாமல் மார்பில் விழுந்தால் படம் வீண்.

பாலிக் புலாவ் வயல் ஓரங்களில் கருஞ்சிறகுப் பருந்து மின்கம்பியில் அமரும். அதற்குக் காரே நல்ல மறைவிடம். எஞ்சினை நிறுத்துங்கள், அதிர்வு படத்தில் தெரியும். கண்ணாடியை இறக்கி, ஒன்றரைக் கிலோ அரிசி நிரப்பிய துணிப்பையை விளிம்பில் வைத்து லென்ஸைத் தாங்குங்கள். வயல்பாதையை மறிக்காமல் ஒதுக்கி நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

கோழித் தோலை வீசிப் பருந்தைக் கூட்டாதீர்கள். மனிதர் கையை எதிர்பார்க்கும் பறவையால் யாருக்கும் நன்மையில்லை. கூட்டுப் பக்கம் போகவே வேண்டாம், டிரோனும் வேண்டாம்.

படம் மங்கலாக வந்தால்

விளிம்புகள் நெளிந்து தெரிந்தால் அது வெப்பத்தால் அலையும் காற்று. பத்து மணிக்குமேல் சிமெண்டுத் தளத்துக்கும் தண்ணீருக்கும் மேலே எழும். எந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது, இன்னும் கிட்டத்தில் வரும் பறவைக்குக் காத்திருங்கள். படம் முழுக்கப் பனிமூட்டம் போல் இருந்தால் லென்ஸில் நீர் கோத்திருக்கிறது. ஏர்கண்ட் காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள். அதுவரை லென்ஸைக் கழற்ற வேண்டாம், ஈரம் சென்சார்வரை போய்விடும். வீட்டுக்கு வந்ததும் உப்புக் காற்று பட்ட கேமரா உடலை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, 40–50 சதவீத ஈரப்பதமுள்ள உலர்பெட்டியில் வையுங்கள். நம் ஊர் புழுக்கத்தில் அலமாரியில் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் எடுக்காது.