முகம் மாறாமல் பழைய பத்மினியைப் புதுப்பிப்பது எப்படி?

எங்கள் வீட்டில் 1979 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கி, முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டு என் கையில் சாவியைக் கொடுத்த வண்டி. சென்னையில் ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து பெரம்பூருக்கு வேலைக்குப் போக இன்றும் அதைத்தான் எடுக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் கம்பெனியிலிருந்து வந்த அன்று இருந்த அதே வண்டி: அதே குரோம் பம்பர், அதே கிரில், ஸ்டீயரிங்கை ஒட்டி அதே கை கியர். பானட்டைத் திறந்து உற்றுப் பார்த்தால்தான் உள்ளே புது ஆட்கள் குடிவந்திருப்பது தெரியும்.

இதை எப்படிச் செய்தீர்கள் என்று சிக்னலில் நிற்கும்போதுகூடக் கேட்கிறார்கள். பழைய வண்டியில் முதல்முறை கை வைப்பவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். பத்மினியை வைத்துச் சொன்னாலும் அம்பாசிடருக்கும், நம் ஊரிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் வரிசை ஏறக்குறைய இதுதான்.

தொடங்கும் முன் ஒரே ஒரு விதி: கண்ணுக்குத் தெரியும் தகட்டில் புது ஓட்டை போடக் கூடாது. இந்த விதி எனக்கு நஷ்டத்தில் கிடைத்தது. பல வருஷம் முன்பு ஸ்பீக்கர் மாட்ட ஒரு கடையில் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் முன்கதவுகள் இரண்டிலும் தட்டு அளவுக்கு வட்டமாக வெட்டிவிட்டார்கள். வெட்டியதை வெல்டிங் வைத்து அடைக்கலாம். ஆனால் மெல்லிய தகடு சூட்டில் நெளியும், மேலே பட்டி, அதற்கு மேல் பெயிண்ட்; கதவின் பழைய வடிவம் திரும்பாது. இப்போதும் அந்தக் கதவைச் சாத்தும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. அதனால் எதை மாட்டினாலும் ஏற்கெனவே இருக்கும் ஸ்க்ரூவில், ஏற்கெனவே இருக்கும் ஓட்டையில் மாட்டுங்கள். வேண்டாம் என்றால் ஒரு மாலைக்குள் கழற்றிப் பழையதைப் போட முடிய வேண்டும்.

படி 1: பேப்பர்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. என்ஜினையோ நிறத்தையோ மாற்ற நினைத்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம். ஆர்.சி. புத்தகத்தில் ஏறாத மாற்றம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் தலைவலி தரும். 15 வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

50 வயது தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு என்று 2021-இல் தனி விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. முக்கியமாக, அந்தப் பதிவில் இருக்கும் வண்டியைத் தினசரி ரோட்டில் ஓட்ட முடியாது. என் வண்டிக்கு 2029-இல்தான் 50 ஆகிறது. ஆனாலும் நான் அந்தப் பக்கம் போகப் போவதில்லை, எனக்கு இது வேலைக்குப் போகிற வண்டி.

படி 2: போட்டோவும் டப்பாவும்

எதையும் கழற்றும் முன் போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். வயர் எந்த நிறம், எந்த முனையில் இருந்தது என்று தெரிய வேண்டும். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பழைய துணியில் சுற்றி, பேப்பர் டேப்பில் பெயர் எழுதி ஒரே டப்பாவில் போடுங்கள். பாட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ, அதோடு வரும் கட்-அவுட், ஸ்பார்க்குக்கான பாயிண்ட் செட் எதையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.

படி 3: துரு

காசிமேட்டுக் காற்று படும் இடத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதல் எதிரி. உப்புக் காற்று ஒரு பக்கம், மழைக்காலத்தில் வியாசர்பாடி சப்வே தண்ணீர் இன்னொரு பக்கம். தரை விரிப்பை முழுசாகத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு 'டங்' என்று சொல்லும். அரித்த தகடு மொத்தென்று கேட்கும். ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டி போன்ற பகுதி, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், இந்த மூன்றையும் விடாதீர்கள்.

கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும். பழைய பெயிண்டும் மண்ணும் அதை அடைத்திருக்கும், கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். அரித்த இடத்தைத் தகடு வேலை செய்யும் டிங்கரிடம் காட்டி, வெட்டிப் புதுத் தகடு வைக்கச் சொல்லுங்கள். பட்டி மட்டும் பூசி மறைத்தால் அடுத்த மழைக்கே வீங்கும். அப்புறம் உள் பெட்டிகளுக்குள் மெழுகு ஸ்ப்ரே. சத்தம் குறைய ஒட்டும் கறுப்பு ஷீட்டை நம் பக்கம் தரை முழுக்க ஒட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு ஓரம் தூக்கிக்கொண்டால் போதும், அடியில் ஈரம் தங்கி வெளியே தெரியாமலே தகட்டைத் தின்னும்.

படி 4: எர்த்தும் ஆல்டர்னேட்டரும்

பழைய வண்டியில் கரண்டு கோளாறு என்றால் பல நேரம் அது எர்த் கோளாறுதான், அதாவது கரண்டு பாடி வழியாகப் பாட்டரிக்குத் திரும்பும் இணைப்பில் கோளாறு. பாட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து என்ஜினுக்கும் போகும் பட்டைகளைக் கழற்றி, முனை படும் இடத்தைப் பளபளப்பாகத் தேய்த்து, புதுசு போடுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.

டைனமோ, என்ஜின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் தராது. டிராபிக்கில் லைட்டும் வைப்பரும் போட்டு நின்றால் பாட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ராத்திரியில் நின்றவர்களுக்கு, சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் அந்தச் சிவப்பு லைட் நன்றாகத் தெரியும். என்ஜின் மெதுவாக ஓடினாலும் சார்ஜ் தருவது ஆல்டர்னேட்டர்; சின்ன கார்களில் வரும் ஒன்றை, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வாங்கி, லேத்து பட்டறையில் பிராக்கெட் செய்து, டைனமோ போல்ட்டிலேயே உட்கார வைக்கலாம். மூன்று விஷயம் கவனம்:

ஒன்று, புல்லி உங்கள் பழைய பெல்ட் அகலத்துக்கு ஒத்துவர வேண்டும், மற்ற புல்லிகளோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

இரண்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்குப் போகும் பழைய வயர் மெல்லியது. தடித்த வயர் புதிதாக இழுங்கள், நடுவில் பியூஸ் வையுங்கள்.

மூன்று, டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு சார்ஜ் லைட்டைக் கைவிடாதீர்கள். அதன் வயரை ஆல்டர்னேட்டரின் 'எல்' முனைக்குக் கொடுத்தால் பழைய லைட் பழைய வேலையையே செய்யும். அந்த பல்பு வழியாகப் போகும் சிறு கரண்டுதான் பல ஆல்டர்னேட்டர்களை எழுப்பிவிடுகிறது. பல்பு பீஸ் போனால் சார்ஜே ஏறாமல் போகலாம்.

பாட்டரியில் எந்த முனை எர்த் என்பதையும் முதலிலேயே பாருங்கள். பிரிட்டிஷ் வழி வந்த சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தாக இருக்கும். அதைக் கவனிக்காமல் மாட்டினால் உள்ளே டையோடு அந்த நொடியே கருகும். வேலை முடிந்து என்ஜின் ஓடும்போது பாட்டரியில் 13.8-லிருந்து 14.4 வோல்ட் வந்தால் சரி.

படி 5: ஹெட்லைட்

பழைய பத்மினியின் வெளிச்சம் மெழுகுவர்த்தி போல இருக்கிறது என்று நானும் முதலில் பல்பைத்தான் மாற்றினேன். வித்தியாசமே இல்லை. புளியந்தோப்பில் எலக்ட்ரீஷியன் பாய் மல்டிமீட்டரை எடுத்தார். பாட்டரியில் வைத்தார், 12.6. ஹெட்லைட்டை எரியவிட்டு ஹோல்டரின் பின்பக்கம் வைத்தார், 10.4.

"பல்பு மேல தப்பு இல்ல தம்பி. கரண்டு வர்ற வழியிலயே களைச்சுப் போயிடுது."

அவர் சொன்னது இதுதான்: பழைய வண்டிகளில் ஹெட்லைட்டின் முழுக் கரண்டும் பாட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து டிம் சுவிட்சுக்குப் போய், மறுபடி முன்னால் வருகிறது. 60 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 10 ஆம்பியர். நாற்பது வருஷத்து வயரும் தேய்ந்த சுவிட்சும் அதைத் தாங்காமல் சூடாகின்றன. வெளிச்சமாக வேண்டியது வழியிலேயே சூடாகப் போகிறது.

மருந்து ரிலே, அதாவது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச். ஹைபீமுக்கு ஒன்று, லோபீமுக்கு ஒன்று. ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30-க்கு பாட்டரியிலிருந்து 15 ஆம்பியர் பியூஸ் வழியாக நேர் வயர். 87-லிருந்து லைட்டுக்கு. 86-க்கு, முன்பு லைட்டுக்குப் போன பழைய வயர். 85 எர்த். இனி சுவிட்ச் ரிலேயை மட்டும் தட்டி எழுப்பும், பாரம் முழுக்கப் புது வயரில் போகும். ரேடியேட்டர் பக்கத் தகட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு ஸ்க்ரூவிலேயே இரண்டையும் மாட்டி, பழைய பாணிக் கறுப்புத் துணி டேப் சுற்றினோம். மறுபடி மீட்டர் வைத்தபோது 12.2. எதிர்ச் சுவரில் கொட்டை எழுத்தில் இருந்த 'நோட்டீஸ் ஒட்டாதே' பளிச்சென்று தெரிந்தது. பாய் சிரித்துக்கொண்டே மீட்டரைச் சுருட்டிப் பையில் போட்டார்.

எல்.ஈ.டி. பல்பு போடாதீர்கள். உங்கள் லைட்டின் உள்கிண்ணம் இழை பல்பின் இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தது. எல்.ஈ.டி.யின் ஒளி கண்டபடி சிதறி எதிரில் வரும் பைக்காரர் கண்ணில் அடிக்கும், ரோட்டில் விழாது. பகலில் பார்த்தால் கண்ணாடிக்குள் நீலமாகத் தெரிந்து வண்டியின் முகமே மாறிவிடும்.

படி 6: சூடும் ஸ்பார்க்கும்

இனி கரண்டு தாராளமாக இருப்பதால் ரேடியேட்டரைக் குளிர்விக்க எலக்ட்ரிக் ஃபேன் போடலாம். ஆல்டர்னேட்டர் இல்லாமல் இதைப் போட்டால் பாட்டரி படுத்துவிடும், வரிசையை மாற்றாதீர்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இடத்தை அளந்து பாருங்கள். இடம் இல்லையென்றால் முன்னால், காற்றைத் தள்ளும் வகை ஃபேன். மேட் கறுப்பு அடித்துவிட்டால் கிரில் வழியாகத் தெரியாது. வெப்ப சுவிட்ச் கட்டாயம். கையால் போடும் சுவிட்சை நம்பினால் ஒருநாள் மறப்போம்.

ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும் டிஸ்டிரிபியூட்டருக்குள் பாயிண்டும் கன்டென்சரும் இருந்த இடத்திலேயே உட்காரும் எலக்ட்ரானிக் செட் கிடைக்கிறது. மூடியை மூடினால் வெளியே எதுவும் தெரியாது. பழைய பாயிண்ட் செட்டை டேஷ்போர்டு பெட்டியிலேயே வைத்திருங்கள், வழியில் எலக்ட்ரானிக் செட் போனால் பத்து நிமிஷத்தில் பழையபடி கிளம்பலாம்.

படி 7: பெட்ரோல் குழாய்

இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயஃப்ரத்தையும் அது ஊற வைத்து விரிசல் விடச் செய்யும். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டு இல்லை. எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்கி, டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை மொத்தமாக மாற்றுங்கள். எத்தனால் காற்று ஈரத்தையும் இழுக்கும், நம் பக்கம் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதென்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள்.

படி 8: பிரேக், டயர்

இதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள், பிரேக் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பிரேக் ஆயில் ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. டிஸ்க் பிரேக் ஆசைக்கு முன்னால் ஹோஸ், ஷூ, வீல் சிலிண்டர், ஆயில் எல்லாவற்றையும் புதுசாக்குங்கள். அடுத்ததாக இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர். நகரத்துக்குள் ஓட்ட, சரியாக செட் செய்த டிரம் எனக்குப் போதுமாக இருக்கிறது.

ரிம்மை மாற்றாமல் ரேடியல் டயர் போடலாம். பழைய 5.20-14 டயரும் 155/80 ஆர்14 ரேடியலும் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்பீடோமீட்டர் கணக்கு தப்பாது, வீல் கப்பும் அப்படியே உட்காரும். நாலும் ஒரே வகையாக இருக்க வேண்டும், பழையதும் ரேடியலும் கலக்கக் கூடாது.

படி 9: வண்டிக்குள்ளே

போன் சார்ஜருக்கு ஆஷ்ட்ரே நல்ல இடம். உள்கிண்ணத்தைக் கழற்றினால் சார்ஜிங் சாக்கெட் உள்ளே அடங்கும், மூடினால் பழைய டேஷ்போர்டு. பாட்டுக்கு, சீட்டுக்கு அடியில் சின்ன புளூடூத் ஆம்ப்ளிஃபையர், பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் துணிக்கு அடியில் ஸ்பீக்கர். என் கதவுகளுக்கு நடந்தது உங்கள் கதவுகளுக்கு நடக்க வேண்டாம்.

என் விதியை நானே மீறியது ஒரே இடத்தில், சீட் பெல்ட். தரையில், விரிப்புக்கு அடியில் ஓட்டை போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. வெறும் தகட்டில் போல்ட் போட்டால் இடியில் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் தகட்டின் மறுபக்கம் தடித்த இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்து, அதில் போல்ட் முறுக்க வேண்டும். தோள் பட்டை வரும் நடுத் தூணுக்கும் அப்படியே. அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து முதல்முறை பெல்ட்டைப் போட்டுக்கொண்டபோது, அந்த ஓட்டைகளுக்காக எனக்குக் கொஞ்சமும் வருத்தம் வரவில்லை.

எல்லாம் முடிந்து முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு காலை நேரம், என்ஜின் ஆறிய பிறகு பானட்டைத் திறங்கள். புது பெல்ட் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். பெட்ரோல் குழாய் கிளிப்புகளைத் தடவிப் பாருங்கள், ஈரம் இருக்கக் கூடாது. ஆல்டர்னேட்டர் பிராக்கெட் போல்ட், எர்த் முனைகள், வீல் நட்டு, எல்லாவற்றையும் மறுபடி ஒரு சுற்று இறுக்கிவிட்டு வண்டியை எடுங்கள்.